எருசலேமின் இடிபாடுகளும் நமது நாவும்

திருவிவிலியத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வரிசையாக வாசிக்க முனையும் எவரும் அழிவின் பக்கங்களைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. நோவா காலத்து வெள்ளப்பெருக்கு, சோதோம் கொமோராவின் தீ, எகிப்தின் கொள்ளைநோய்கள், எரிகோவின் மதில், சமாரியாவின் வீழ்ச்சி, எருசலேமின் பேரழிவு என்று அவை நீண்டுகொண்டே போகின்றன. கடவுளை அன்பின் ஊற்றாக அறிந்து வளர்ந்த நம் இறைமக்கள் பலர் இப்பக்கங்களை விரைந்து புரட்டிவிட்டு நற்செய்திக்குத் தாவிவிடுகின்றனர். வேறு சிலரோ இப்பக்கங்களிலேயே குடியிருக்கின்றனர். நிலம் நடுங்கினாலும், வெள்ளம் வந்தாலும், அண்டை வீட்டில் இளவயதுச் சாவு நேர்ந்தாலும், அங்கே விழுந்தது கடவுளின் தண்டனைக் கை என்று தயங்காமல் சொல்லிவிடுகின்றனர். முதல் சாரார் விவிலியத்தின் ஒரு பெரும் பகுதியை இழக்கின்றனர். இரண்டாம் சாரார் அப்பகுதியைக் கொண்டே பிறரைக் காயப்படுத்துகின்றனர். பங்குப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதிகக் கவலை தருவோர் இவர்களே. ஏனெனில் துக்க வீட்டின் திண்ணையில் இவர்களது குரலே முதலில் கேட்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அவ்வாண்டு அன்றுதான் திருக்குடும்ப விழாவும் வந்தது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக் கரையில் நின்றிருந்த திருப்பயணியரும் அவர்களுள் அடங்குவர். அதற்குப் பின் வந்த நாள்களில் நம்மிடையே இருவகைப் பேச்சுகள் உலவின. இது பாவத்திற்கு வந்த தண்டனை என்பது ஒன்று. கோயிலுக்குள் நீர் புகவில்லை, பாருங்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பேச்சு நன்றியுணர்விலிருந்து பிறந்தது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதே கோயிலுக்கு நேர்ச்சை செலுத்த வந்து, கரையில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியின் காதில் அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலாவது பேச்சு அவள் காதில் விழுந்திருந்தால் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி எழும். அழிவைத் தண்டனை என்று சொல்வது விவிலியமே அன்றோ? எரேமியா சொல்லவில்லையா? எசேக்கியேல் சொல்லவில்லையா? இவர்கள் சொன்னதை நாம் மட்டும் ஏன் சொல்லக்கூடாது? இக்கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டுமானால், விவிலியத்தின் அழிவுகளுள் மிகப் பெரியதும், மிகுதியாகப் பேசப்பட்டதுமான எருசலேமின் வீழ்ச்சியை அருகில் சென்று நோக்க வேண்டும்.

பாபிலோனிய அரசன் நெபுகத்னேசர் எருசலேமை இருமுறை வென்றான். முதல்முறை கி.மு. 597-இல். இதைப் பாபிலோனியரின் சொந்த ஆண்டுக்குறிப்பும் களிமண் பலகை ஒன்றில் பதிவு செய்துள்ளது. அப்பொழுது இளவயது அரசன் யோயாக்கீன் நாடுகடத்தப்பட்டான். அவனுடைய சிற்றப்பன் செதேக்கியா அரியணையில் அமர்த்தப்பட்டான். செதேக்கியா பின்னர் கிளர்ச்சி செய்யவே, இரண்டாம் முற்றுகை வந்தது. விவிலியம் தரும் நாள்களைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18 மாதம் நகர் சூழப்பட்டிருந்தது. கி.மு. 587 என்று சிலரும் 586 என்று சிலரும் கணிக்கும் கோடைக்காலத்தில் மதில் உடைந்தது. அடுத்த மாதம் கோவில் எரிந்தது. எரேமியா நூலின் கடைசி அதிகாரம் மூன்று தடவையாக நாடுகடத்தப்பட்டோரை எண்ணிக் கூட்டி 4,600 பேர் என்கிறது. ஒரு நாட்டின் வரலாற்றில் இது சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆனால் சென்றவர்கள் அதிகாரிகள், எழுத்தர்கள், கைவினைஞர்கள்; எஞ்சியவர்கள் கரிக்குவியலில் வாழ்ந்தவர்கள்.

அந்தத் தீயின் தடயங்கள் மண்ணுக்குள் இன்றும் கிடைக்கின்றன. 1982-இல் தாவீதின் நகர் எனப்படும் பகுதியில் இகால் சீலோ என்ற அகழாய்வாளரின் குழுவினர் ஒரு வீட்டின் சாம்பல் அடுக்கில் 51 களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தனர். அவை ஒட்டப்பட்டிருந்த ஆவணங்கள் யாவும் எரிந்துபோயின. அதே தீ களிமண்ணைச் சுட்டு இறுக்கி நமக்காகக் காத்து வைத்தது. அவற்றுள் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் உள்ளது. எரேமியாவின் சொற்கள் அடங்கிய ஏட்டுச்சுருளைப் பாரூக்கு மக்கள்முன் உரக்க வாசித்தது அப்பெயருடைய எழுத்தரின் அறையிலிருந்துதான் என எரேமியா நூல் கூறுகிறது. பெயரும் முகவரியும் உடைய மனிதர்களின் நகர் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இம்மனிதர்கள்மீது எரேமியா சுமத்திய குற்றம் என்ன? பொதுவாகச் சிலைவழிபாடு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சிலைவழிபாடு உண்டுதான். ஆனால் முற்றுகைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று எரேமியாவின் 34-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மறையுரைகளில் அது அதிகம் இடம்பெறுவதில்லை. எபிரேய அடிமைகளை ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின் ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்பது பழைய சட்டம். எவரும் அதைப் பின்பற்றவில்லை. பகைவர் படை மதிலைச் சூழ்ந்ததும் அச்சம் பிடித்துக்கொண்டது. செதேக்கியா எல்லாரையும் கூட்டி, கோவிலில் உடன்படிக்கை செய்ய வைத்தான். ஒரு கன்றை இரண்டாக வெட்டி, அத்துண்டுகளின் நடுவே நடந்து, அடிமைகளை விடுவிப்பதாக ஆணையிட்டனர், விடுவித்தும் விட்டனர். பிறகு எகிப்தியப் படை வருவதாகச் செய்தி பரவியது. பாபிலோனியர் முற்றுகையைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டு அதை எதிர்கொள்ளச் சென்றனர். மூச்சுவிட நேரம் கிடைத்தது. கிடைத்த உடனே எருசலேமின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விடுவித்த ஆண்களையும் பெண்களையும் மீண்டும் பிடித்துவந்து அடிமைகளாக்கிக்கொண்டார்கள்.

எரேமியா வெகுண்டெழுந்தது இதற்குத்தான். அயலானுக்கு விடுதலை அறிவிக்க உங்களுக்கு மனமில்லை என்றால், வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் உங்கள்மீது விடுதலை அளிக்கப்படும் என்ற பொருளில் அவர் உரைத்தார். இங்கே தீர்ப்பு வானத்திலிருந்து காரணமின்றி விழும் இடியாக இல்லை. ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தம், ஒரு குறிப்பிட்ட துரோகம், பெயர் சொல்லாவிட்டாலும் முகம் தெரிந்த அடிமைப் பெண்கள் என்று எல்லாம் கண்முன் நிற்கின்றன. எரேமியா வீதியில் நின்று, குற்றவாளிகளின் முகத்தைப் பார்த்து, அழிவு வருமுன் பேசினார்.

முற்றுகையின்போது செய்த நேர்ச்சையை, முற்றுகை விலகியதும் திரும்பப் பெற்றுக்கொள்வது நமக்குப் பழகாத செயலா? தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, அவர் பிழைத்து வந்தால் தம்பியின் பங்கு நிலத்தைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று சிலுவையைத் தொட்டுச் சொன்ன குடும்பங்களைப் பங்குத்தந்தையர் அறிவார்கள். நோயாளி வீடு திரும்பி ஆறு மாதம் கழிந்ததும், நிலத்தின் பேச்சு எழும்போது குரல்கள் தணிவதையும் அறிவார்கள். கெபிக்கு வெள்ளிச் சுரூபம் வாங்கி வைத்து நேர்ச்சையை முடித்துக்கொள்வதும் உண்டு. தம்பி அந்தக் கெபியின் முன் நின்று என்ன வேண்டுவான் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கோவிலைப் பற்றிய எரேமியாவின் உரையும் இத்துடன் சேர்ந்தது. ஏழாம் அதிகாரத்தில் அவர் கோவில் வாயிலில் நின்றுகொண்டு, வழிபட நுழைவோரைப் பார்த்துப் பேசுகிறார். இது ஆண்டவரின் கோவில், இங்கே தீங்கு நேராது என்று அவர்கள் மந்திரம்போல் ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்நியரையும் அநாதைகளையும் கைம்பெண்களையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து ஒளிந்துகொள்வீர்களானால் இது கள்வர் குகையாகிவிடும் என்றார் அவர். முன்னொரு காலத்தில் உடன்படிக்கைப் பேழை இருந்த சீலோவுக்குப் போய், அங்கே எஞ்சியிருப்பதைப் பார்த்துவரும்படி சொன்னார். கோவில் ஒருவரைக் காக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. நீதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருபவரைக் கோவில் காக்காது என்றார். திருப்பலிக்கு ஒரே பீடத்தைச் சுற்றி நின்றுவிட்டு, இறந்தோரைப் புதைக்கும் இடத்தில் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் திருச்சபையில் இருந்திருக்கின்றன. சீலோவைப் போய்ப் பார்க்கச் சொன்ன விரல் நம்மை நோக்கி நீளாது என்று எந்த உரிமையில் நம்புகிறோம்?

இனி, எருசலேம் வீழ்ந்த பின் நிகழ்ந்ததைக் காண்போம். நகரை எரித்த பாபிலோனியப் படைத்தலைவனின் பெயர் நெபுசரதான். நாடுகடத்தப்படவிருந்த கைதிகளின் கூட்டத்தில் விலங்கிடப்பட்டிருந்த எரேமியாவை அவன் இராமாவில் அடையாளம் கண்டு விடுவிக்கிறான். விடுவிக்கும்போது அவன் சொல்லும் சொற்கள் வியப்பூட்டுபவை. உங்கள் கடவுள் முன்னறிவித்ததையே செய்திருக்கிறார்; நீங்கள் அவருக்கு எதிராகப் பாவம் செய்தீர்கள், அவர் குரலுக்குச் செவிகொடுக்கவில்லை, ஆகவே இது வந்தது என்கிறான். நாற்பது ஆண்டு எரேமியா கண்ணீரோடு சொன்னதை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்கிறான்! மறைக்கல்வித் தேர்வாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.

எரேமியா அதற்கு மறுமொழி கூறியதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. என்ன மறுமொழி கூற முடியும்? கருத்து எரேமியாவுடையதுதான். ஆனால் பேசுபவனின் கையில் தீப்பந்தத்தின் கரி இன்னும் இருக்கிறது. அதே கூற்று ஒரு வாயில் இறைவாக்காக இருந்தது; மற்றொரு வாயில் கொலைகாரனின் சாக்குப்போக்காக ஆகிவிட்டது. விவிலிய அறிஞர்கள் இவ்வுரையைப் பற்றி வேறு பல விளக்கங்களைத் தரக்கூடும். எனக்கோ இந்த இடம், துன்பத்தைப் பற்றிய உண்மை என்பது சொல்லப்படும் கருத்தில் மட்டும் அடங்கியிருப்பதில்லை, சொல்பவன் நிற்கும் இடத்திலும் அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இறைவாக்கினரின் நூல்களே இதை உறுதிப்படுத்துகின்றன. எருசலேம் எரிந்தபோது அண்டை நாடான ஏதோம் வேடிக்கை பார்த்தது, மகிழ்ந்தது, தப்பியோடியவர்களை வழிமறித்துப் பிடித்துக் கொடுத்தது. விவிலியத்தில் மிகச் சிறிய பழைய ஏற்பாட்டு நூலான ஒபதியா முழுவதும் இதற்காக ஏதோமுக்கு வந்த தீர்ப்பே. பாபிலோனும் தப்பவில்லை. தம் மக்களைத் தாமே பாபிலோனின் கையில் ஒப்படைத்ததாகச் சொல்லும் கடவுள், முதியோர்மீதுகூட இரக்கம் காட்டாமல் நுகத்தை அழுத்தினாய் என்று எசாயா நூலில் பாபிலோனைக் கடிந்துகொள்கிறார். செக்கரியா நூல் இன்னும் வெளிப்படை: நான் சிறிதே சினம் கொண்டிருந்தேன், அவர்களோ தீமையைப் பெருக்கிவிட்டார்கள் என்ற கருத்தில் அங்கே கடவுள் பேசுகிறார். ஆக, ஒருவனின் அழிவில் கடவுளின் கையைக் கண்டு மகிழ்பவன் கடவுளின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொள்கிறான்; இறைவாக்கு அவனை எழுதி வைத்திருப்பதோ அடுத்த தீர்ப்பின் பட்டியலில்.

எரேமியா எங்கே நின்றார்? பாபிலோனுக்கு வந்தால் உன்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன், இங்கே இருக்க விரும்பினால் இருக்கலாம் என்று நெபுசரதான் அவருக்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டான். அவர் உரைத்தது நிறைவேறிவிட்டது. அவரைப் பொய்யர் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவரைச் சேறு நிறைந்த கிடங்கில் இறக்கியவர்கள் அந்நகரின் பெரியோர்தாம். எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர் ஒருவர் அரசனிடம் வாதாடி, கயிறு அக்குளை அறுக்காதிருக்கப் பழந்துணிகளையும் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டிராவிட்டால் அங்கேயே மாண்டிருப்பார். அத்தகைய மக்களை விட்டுப் பாபிலோனில் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். அவர் எஞ்சியிருந்த ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கிவிட்டார். தீர்ப்பை உரைத்த வாய், தீர்ப்புக்கு உள்ளானவர்களின் அப்பத்தையே உண்டது.

நம் ஆண்டவரும் இவ்வழியே நடந்தார். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் அவரிடம் செய்தி கொண்டுவந்ததை லூக்கா எழுதுகிறார். செய்தி கொண்டுவந்தவர்கள் எதிர்பார்த்தது விளக்கம். இயேசுவோ, அவர்கள் மற்றக் கலிலேயரைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை மறுத்துவிட்டு, கேளாத ஒன்றையும் தாமே சேர்த்துச் சொல்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா? அதுவும் இல்லை. அரசனின் வாளால் இறந்தவருக்கும் சரி, தற்செயலாய் இடிந்த கட்டடத்தால் இறந்தவருக்கும் சரி, அவர் கணக்குப் போட மறுக்கிறார். பிறகு கேட்பவர் பக்கம் திரும்பி, மனம் மாறாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்கிறார். பிறர் சாவைப் பற்றிய ஆராய்ச்சியைத் தம் வாழ்வைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறார். உடனே காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகிறது. தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டு கேட்டு, கொத்தி எருப்போட முன்வருகிறார். மரத்தை வெட்டினார்களா இல்லையா என்று லூக்கா சொல்லவில்லை. எருசலேமின் எதிர்கால அழிவை இயேசு முன்னறிவித்ததும் உண்மையே. ஆனால் அதை நகரைக் கண்டு அழுதுகொண்டே சொன்னார். சொன்னபின் திரும்பிச் செல்லாமல் அந்நகருக்குள் நுழைந்தார்.

துன்பம் ஒவ்வொன்றும் குற்றத்தின் விளைவு என்று கொள்ள முடியாது, யோபின் துன்பம் தண்டனை அன்று என்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984-இல் துன்பத்தின் மீட்புப் பொருள் பற்றி எழுதிய திருத்தூது மடலில் தெளிவாக எடுத்துரைத்துள்ளார். இது புதிய போதனை அன்று. நாம் மறந்துபோகும் போதனை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு முள் எஞ்சுகிறது. அடிமைகளைத் திரும்பப் பிடித்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றே கொள்வோம். அந்த அடிமைகளின் குழந்தைகள்? முற்றுகையில் முதலில் மடிந்தவர்கள் அவர்களாகத்தானே இருப்பார்கள்? இக்கேள்விக்கு எரேமியாவிடம் விடை தேடாதீர்கள். அதற்கென விவிலியம் வேறொரு நூலைத் தந்திருக்கிறது. புலம்பல் என்ற அச்சிறு நூலில் ஐந்து பாடல்கள் உள்ளன. முதல் நான்கும் எபிரேய எழுத்துகள் 22-இன் வரிசையில் அமைந்தவை. அகரம் முதல் னகரம் வரை அழுது முடித்தது போன்றது. ஐந்தாவது பாடலிலும் 22 அடிகள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது. விதவையாய் அமர்ந்து அழும் நகரம், அவளைத் தேற்ற ஒருவரும் இல்லாமை, பழைய பெருமைகளை எண்ணி எண்ணிப் பெருகும் கண்ணீர் என்று, நம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இந்நூல் அந்நியமாகத் தோன்றாது.

இந்நூலில் நாங்கள் பாவம் செய்தோம் என்ற அறிக்கை உண்டு. ஆனால் அது முழு விடையாக வைக்கப்படவில்லை. தாயின் மடியில் உணவு கேட்டு மயங்கி உயிர்விடும் குழந்தைகளைப் பாடகர் காட்டுகிறார். காட்டிவிட்டு, இவர்களின் பாவம் இது என்று சொல்லவில்லை. மாறாக, ஆண்டவரே, பாரும், யாருக்கு இப்படிச் செய்தீர் என்று கடவுளையே கேட்கிறார். எங்கள் தந்தையர் பாவம் செய்து போய்விட்டார்கள், சுமையை நாங்கள் சுமக்கிறோம் என்ற முறையீடும் அங்கே எழுகிறது. நாடுகடத்தப்பட்டோர் நடுவில் இருந்த எசேக்கியேலோ, தந்தை தின்ற புளித்த பழத்துக்குப் பிள்ளையின் பல் கூசாது, அவரவர் பாவத்துக்கு அவரவரே பொறுப்பு என்று அடித்துச் சொல்கிறார். இரண்டும் ஒரே தலைமுறையின் குரல்கள். இரண்டையும் திருச்சபை இறைவார்த்தை என்றே ஏற்றுள்ளது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்திச் சமன்செய்யும் முயற்சிகளைக் குருமடத்தில் படித்திருக்கிறேன். துக்க வீட்டில் அவை எனக்கு உதவியதில்லை. குழந்தையை இழந்தவர்களுக்கு முன்னால் புலம்பல் நூலின் அந்தக் கேள்வியைக் கடவுளிடம் அவர்களோடு சேர்ந்து கேட்பது உதவியிருக்கிறது.

புலம்பல் நூல் கேள்வியோடுதான் முடிகிறது: எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ? யூதர்கள் கோவிலின் அழிவை நினைவுகூரும் ஆபு மாதம் ஒன்பதாம் நாள் நோன்பின்போது, தரையில் அமர்ந்து இந்நூலை வாசிக்கிறார்கள். கடைசி அடியில் நிறுத்த மனம் ஒப்பாமல், எங்களை உம்மிடம் திருப்பும் என்று வேண்டும் அதற்கு முந்தைய அடியை மீண்டும் ஒருமுறை வாசித்து முடிப்பது அவர்கள் வழக்கம். கடைசிக் கேள்வியை அவர்கள் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

திருச்சபையின் வரலாற்றிலும் இக்கேள்வி பெரிய அளவில் ஒருமுறை எழுந்தது. கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் படை உரோமை நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. பழைய தெய்வங்களின் பீடங்களைக் கைவிட்டதால் வந்த கேடு இது என்றனர் கிறிஸ்தவர் அல்லாத உரோமையர். அகதிகள் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்கு வந்தனர். அங்கே ஹிப்போவின் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார் ஏறத்தாழ 413 முதல் 426 வரை எழுதிய ‘கடவுளின் நகர்’ என்ற 22 பகுதி நூல் இக்குற்றச்சாட்டிலிருந்தே தொடங்கியது. நல்லவரும் தீயவரும் ஒரே துன்பத்துக்கு உள்ளாகிறார்கள், துன்பம் ஒன்றாயிருந்தாலும் படுபவர் ஒன்றல்லர் என்று அவர் காட்டினார். படைவீரரால் சீரழிக்கப்பட்ட பெண்களைப் பழித்தவர்களை எதிர்த்து, மனம் இசையாதபோது கற்பு அழிவதில்லை, அவர்கள்மீது குற்றமில்லை என்று வாதாடினார். அக்காலத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, அப்பெண்களுள் சிலரிடம் மறைவான செருக்கு இருந்திருக்கக்கூடுமோ என்றும் அவர் ஆராயத் தொடங்குகிறார். அத்துணைப் பெரிய மறைவல்லுநரின் கைகூட, பிறரின் காயத்துக்குக் காரணம் தேடும் ஆசையிலிருந்து விலகி நிற்க முடியவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் பகுதி.

பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் கேடு வந்தது என்ற உரோமையரின் அந்த வாதம், எரேமியாவின் காதிலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒலித்திருக்கிறது. மிஸ்பாவில் ஆளுநனாயிருந்த கெதலியா கொலை செய்யப்பட்டான். பாபிலோனியரின் பழிவாங்கலுக்கு அஞ்சிய மக்கள், போகவேண்டாம் என்று எரேமியா சொல்லியும் கேளாமல், அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குச் சென்றனர். தகபனேசு என்ற ஊரில் குடியேறினர். அங்கே எரேமியா மீண்டும் பேசியபோது பெண்கள் எதிர்த்து நின்றனர். விண்ணக அரசிக்குப் பணியாரம் சுட்டுப் படைத்த காலத்தில் எங்களுக்கு வயிறார உணவு இருந்தது, அதை நிறுத்தியதிலிருந்துதான் எல்லாக் கேடும் வந்தது, எங்கள் கணவருக்குத் தெரியாமலா நாங்கள் செய்தோம் என்று கேட்டனர். (இங்கே குறிப்பிடப்படுவது அன்றைய கீழை நாடுகளில் வழிபடப்பட்ட ஒரு பெண் தெய்வம். நாம் அன்னை மரியாவுக்குச் சூட்டும் பெயரோடு இதைக் குழப்பிக்கொண்டு வாதிடுவோர் உளர், இரண்டுக்கும் தொடர்பில்லை.)

அப்பெண்களின் பேச்சை வெறும் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. யோசியா அரசன் கி.மு. 622-ஐ ஒட்டி அந்நிய வழிபாடுகளை ஒழித்தான். பதின்மூன்று ஆண்டு கழித்து மெகிதோவில் எகிப்தியரால் கொல்லப்பட்டான். அதன்பின் நாடு தேய்ந்து அழிந்தது. வரிசையை மட்டும் பார்த்தால் அவர்கள் கணக்கும் பொருந்துகிறது. இடிந்த மதிலில் எந்தக் காரணமும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரே கரிக்குவியலை எரேமியா ஒருவிதமாகவும் அப்பெண்கள் வேறுவிதமாகவும் வாசித்தார்கள்.

எரேமியா அவர்களுக்கு மறுமொழி சொன்னார். கடுமையாகவே சொன்னார். நெபுசரதானின் முன் பேசாதிருந்தவர், தம்மை வலிந்து இழுத்துவந்த இம்மக்களிடம் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். எருசலேமில் விட்ட வாதத்தை நைல் நதிக் கழிமுகத்தின் அகதிக் குடியிருப்பில், எழுபதை நெருங்கிய வயதில், அதே மக்களின் நடுவே தொடர்ந்தார். அவர்கள் கேட்டார்களா என்று விவிலியம் சொல்லவில்லை. எரேமியா எப்போது இறந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் அதில் எழுதப்படவில்லை.